சான்றைக் காட்டுங்கள்!



அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத், 2000-இல் 'தி ஹியூமன் ஸ்டெயின்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் அனடோல் புரோயார்ட் என்ற எழுத்தாளரின் சாயலில் பிறந்தவன் என்று சில விமர்சகர்கள் எழுத, அது ஆங்கில விக்கிப்பீடியாவிலும் ஏறியது. ராத் மறுத்தார், தம் நண்பரான ஒரு பேராசிரியருக்கு நேர்ந்ததே கதைக்கு வித்து என்றார். விக்கிப்பீடியாவோ அவரிடமே சான்று கேட்டது!

சிரிப்பு வருகிறதல்லவா? பெற்றவளிடமே பிள்ளைக்குச் சாட்சி கேட்பதா என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கோ உட்கார்ந்து திருத்துகிறவர் ராத்தான் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? 2012 செப்டம்பரில் ராத் 'நியூயார்க்கர்' இதழ் வழியே பகிரங்கக் கடிதம் எழுதினார். எவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று கிடைத்தது. அவர் கூற்றும் கட்டுரையில் இடம் பெற்றது.

அப்படியானால் பத்திரிகையில் வந்ததெல்லாம் சான்றா? அதுவும் இல்லை. 2008-இல் நடந்த கூத்தைக் கேளுங்கள். கோவாட்டி என்ற விலங்குக்குப் 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் பெயருண்டு என ஒரு மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதி வைத்தார். பத்திரிகைகள் அதை நம்பி அச்சிட்டன. பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியே கட்டுரைக்குச் சான்றாக வந்து நின்றது! எனவே, சான்று கிடைத்தால் மட்டும் போதாது. அந்தச் சான்று தகவலை எங்கிருந்து எடுத்தது என்றும் பார்க்க வேண்டும்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வருவோம். நமக்குச் சண்டைக்கா பஞ்சம்? மன்னர் எந்தச் சாதி, கோயில் எத்தனை ஆண்டுப் பழமை என்று ஆரம்பித்தால் விடியும்வரை ஓயாது. கோயில் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது என்கிறீர்களா? தலபுராணம் அப்படிச் சொல்கிறது என்று தாராளமாக எழுதுங்கள். காலத்தைக் கணித்துச் சொல்லக் கல்வெட்டு ஆய்வாளரின் நூல் வேண்டும். கல்வெட்டை நீங்களே படித்து முடிவு கட்டினால், அது எவ்வளவு சரியாக இருந்தாலும், முதலில் ஆய்விதழில் வரட்டும். கலைக்களஞ்சியம் அதற்கான இடமல்ல. இரண்டு அறிஞர்கள் மாறுபடுகிறார்களா? இருவர் கருத்தையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள்.

நீங்கள் எழுதியதை இன்னொருவர் நீக்கிவிட்டால் உடனே மீளமைக்க ஓடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் கணக்கையே தடைசெய்யலாம். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் விதி விதிதான். பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். அங்கும் தீராவிட்டால் பொதுவில் கூடிப் பேசத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'ஆலமரத்தடி' என்ற பக்கம் இருக்கிறது. ஆளைத் திட்டாமல், வரியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

விக்கிப்பீடியாவில் எழுத வந்திருக்கும் மாணவர்களே, உங்கள் ஊர்க் கட்டுரையைத் திறந்து, சான்றில்லாத ஒரு வரியைக் கண்டுபிடியுங்கள். நூலகத்தில் தேடி, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, பக்க எண் நான்கையும் சேருங்கள். தேடியும் கிடைக்காவிட்டால், அது உங்கள் ஊர்ப் பெருமையே ஆனாலும், அந்த வரியை விட்டுவிடுங்கள்.