வலிக்கு மருந்து உண்டு. மரணம் அதற்கு மருந்தன்று

(தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

 

பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஒரு பொருளை இன்று எடுத்துக்கொண்டுள்ளேன். உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்னும் எண்ணம், சாகும்போது வலிக்குமோ என்னும் அச்சம் ஆகிய இரண்டைப் பற்றியதே அது. பேசாது மூடி வைப்பதால் இவ்வெண்ணம் மறைவதில்லை, தனிமையில் வளர்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 727,000 பேர் தற்கொலையால் உயிரிழந்தனர். அவர்கள் கோழைகளும் அல்லர், பாவிகளும் அல்லர். நம்மைப் போன்ற மனிதர்கள். தாங்கொணாத் துயரம் வந்த நேரத்தில் தாங்கிப் பிடிக்க ஆளின்றி நின்றவர்கள்.

நம் தோட்டங்களில் அத்துயரத்துக்குக் காரணங்கள் பல. தீராத கடன், குடியால் குலைந்த குடும்பம், தேர்வில் தோற்ற பிள்ளையின் வெட்கம், வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டுமே என்னும் கவலை, நீங்காத நோய். இவற்றோடு மனச்சோர்வு என்னும் நோயும் சேருமானால், விடிகாலையில் பால்மரத்துக்குப் போகவும் கால் எழாது. உணவும் உறக்கமும் குறையும். "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற எண்ணம் வேரூன்றும். மனச்சோர்வு காய்ச்சலைப் போன்றே ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.

துன்புற்ற ஒருவர், "செத்துவிடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் வலிக்குமே என்று பயமாக இருக்கிறது" என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். நம்மிடையே சிலர் உடனே நகைத்து, "சாகிறவன் சொல்லிக்கொண்டா சாவான்?" என்பர். இதனினும் கொடிய சொல் வேறில்லை. தற்கொலை எண்ணம் உடையோர் பலர், முன்னதாகவே யாரிடமேனும் அதைக் குறிப்பாகவோ வெளிப்படையாகவோ கூறியிருக்கின்றனர். அவர் சொன்னது வீண்பேச்சன்று. உதவி கேட்கும் குரல்.

அவ்வச்சத்தின் பொருளையும் சிந்தியுங்கள். வலிக்கு அஞ்சும் உள்ளம், துன்பத்திலிருந்து விடுதலை தேடும் உள்ளம். அதற்கு வேண்டியது துன்பத்தின் முடிவேயன்றி, உயிரின் முடிவன்று. வாழ விரும்பும் ஒரு பகுதி அவருக்குள் இன்னும் விழித்திருக்கிறது. அந்தப் பகுதியோடுதான் நாம் பேச வேண்டும். அந்த அச்சத்தைக் கேலி செய்வதும், "துணிவில்லாதவன்" என்று சீண்டுவதும், அவரை உயிரோடு கட்டி வைத்திருக்கும் கயிற்றை அறுப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டுவது யாது?

முதலாவது, நேராகக் கேளுங்கள். "தம்பி, சாக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு வருகிறதா?" என்று பரிவோடு கேட்பதால், இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. மாறாக, கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று மனம் இளகும்.

இரண்டாவது, குறுக்கே புகுந்து அறிவுரை கூறாது, முழுவதையும் கேளுங்கள்.

மூன்றாவது, அந்நேரத்தில் அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி, பூச்சிமருந்து முதலியவற்றை எக்காலத்திலும் வீட்டில் வைக்கலாகாது. தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைக்க வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். உயிரை உலுக்கும் அந்த வேகம் பெரும்பாலும் குறுகிய நேரத்தது, கடந்து போகக்கூடியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பின்னர் தற்கொலையால் இறக்கவில்லை எனக் கண்டுள்ளனர்.

நான்காவது, அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ அவரை அழைத்துச் செல்லுங்கள். "போலீஸ் வழக்கு ஆகுமே" என்று அஞ்ச வேண்டா. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழிவைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இன்று அவர் குற்றவாளி அல்லர், சிகிச்சைக்குரியவர்.

இனி, நோயுற்றோரின் அச்சத்துக்கு வருகிறேன். புற்றுநோய் போன்ற கடும் பிணி கண்ட பெரியவர்கள், "வலியில் துடித்துச் சாவதினும் முன்னதாகவே போய்விடலாம்" என்று எண்ணுவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: அந்த வலியை அடக்க மருத்துவம் வழி கண்டுள்ளது. சிசிலி சாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967ஆம் ஆண்டில் லண்டனில் நோயாளர் இல்லம் ஒன்றை நிறுவி, வலி வந்த பின் மருந்து தேடாது, வலி வருமுன்னரே குறித்த நேரத்தில் மருந்து கொடுக்கும் முறையைப் பரப்பினார். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மக் கலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என அவர் விளக்கினார். நம் நாட்டில் 1991ஆம் ஆண்டில் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கப்பெற்றது. அதன் தாதியர் நோயாளியின் இல்லத்துக்கே சென்று கவனிக்கின்றனர். அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. "மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவோம்" என்று சிலர் மருந்தை மறுக்கின்றனர். மருத்துவர் குறித்த அளவில் வலிக்காக உட்கொள்வோர் அவ்வாறு ஆவது அரிது. ஆகவே வலியைப் பொறுத்துக்கொண்டு மௌனமாக இராதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். கூறினால்தான் அவரால் தணிக்க இயலும்.

தொழிலாளத் தோழர்களே! ரப்பர் மரம் ஆண்டுதோறும் இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் பாலும் குறையும். அதற்காக எவரும் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. தளிர் வரும் வரை பொறுத்திருக்கிறோம். மரத்துக்குக் காட்டும் அப்பொறுமையை, துன்புறும் மனிதருக்கும், நமக்கு நாமேயும் காட்டுவோமாக.

துன்பம் மிகுந்து, சொல்ல ஆளின்றி இருப்போர் இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் 1970ஆம் ஆண்டு தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே எண் 15999. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 999. தமிழில் பேச வேண்டுமென்றால் தயங்காது கேளுங்கள்.

இன்றிரவே உங்கள் லயத்தில் முகம் வாடியிருக்கும் ஒருவரைக் கண்டால், அவர் வீட்டு வாசலில் சென்று அமருங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று தொடங்குங்கள். அதுவே போதுமான தொடக்கம்.