பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது

(உலகத் தாய்ப்பால் வாரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்தவன் பிறந்தபோது, "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கணும், கேட்டதும் கொடுத்தால் பழக்கம் கெட்டுப்போகும்" என்று சொந்தத்தில் ஒருத்தர் சொன்னார். படித்தவள் என்ற நினைப்பில் நானும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிள்ளை கையைச் சப்பும், தலையைத் திருப்பித் தேடும், கடைசியில் வீறிடும். "ஏத்தா, பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியுமா?" என்றார் என் மாமியார். நான் கேட்கவில்லை. ஒன்றரை மாதத்தில் எடை போட்டால் ஏறவே இல்லை. எனக்கும் பால் குறைந்துவிட்டது.

நர்சம்மாதான் புரிய வைத்தார். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் ராத்திரி பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை ஆகும். கை சப்புவதே பசிதான், அழுகை கடைசி அடையாளம். நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். பிறந்த புதிதில் தூங்கியே கிடக்கிற பிள்ளையை மட்டும் எழுப்பிக் கொடுக்கணும். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம். அப்படியே செய்தேன், எடை ஏறியது.

"வீட்டில் இருக்கிறவளுக்குச் சரி, விடியுமுன்னே ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள் என்ன செய்வாள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். என் நாத்தனார் மூணாம் மாதமே மலை ஏறினாள். சாயந்தரம் மார் கல்லாகக் கட்டி, ரவிக்கை நனைந்து வருவாள். ஏன் போனாள்? குழுக்கடன் தவணைக்காக. அந்தத் தவணையைக் கேட்டு அவள் வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். பிள்ளை பெற்ற உறுப்பினருக்கு 6 மாதம் உள்கடன் தவணையைத் தள்ளிவைக்க ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடணும். அடுத்தது, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க வேலைக்கு நடுவில் இரண்டு இடைவேளை உண்டென்று 1961-லேயே மகப்பேறு சட்டம் வந்துவிட்டது. ஒருத்தியாகக் கேட்டால் வேலை போகும். கூட்டமைப்பாகக் கேட்போம்.

அதுவரை மலைக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் கொடுங்கள். பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்தால் 4 மணி நேரம் தாங்கும், பாட்டி பாலாடையில் புகட்டலாம். வீடு திரும்பியதும், ராத்திரி முழுக்கவும் கேட்கக் கேட்கக் கொடுங்கள்.

ஜீப்புக்கு நேரம் உண்டு, தவணைக்குத் தேதி உண்டு. பிள்ளையின் பசிக்கு இரண்டும் கிடையாது.