புறப்புண்ணும் அகப்புண்ணும்



கலசப்பாக்கத்தில் கூடும் தமிழவை, சேயாற்றை நினையாமல் பேச்சைத் தொடங்குவது அரிது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் பாடும் ஆறு இது. அப்பாட்டில் வரும் நவிரமலையே இன்று பருவதமலை என வழங்குவது என்பர் அறிஞர். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் பெருங்கௌசிகனார், வழியில் எதிர்ப்படும் நடுகற்களையும் காட்டிச் செல்கிறார். பிற்காலத்து நடுகற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கண்டறியப்பட்டன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியாக அவற்றை வெளியிட்டது. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரர்களின் பெயர்களை அக்கற்கள் இன்றும் சொல்லி நிற்கின்றன.

பட்டவனுக்குக் கல் உண்டு, பாட்டும் உண்டு. உயிரோடு மீண்டு வந்து, உறக்கம் இழந்து, உண்ட சோறு சுவைக்காமல், பெற்ற பிள்ளையின் சிரிப்பிலும் மனம் செல்லாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் வீரனுக்கு என்ன உண்டு? இவ்வுரை அவனைப் பற்றியது.

இவன் நமக்கு அயலானல்லன். பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி, 1751-இலும் 1782-இலும் போர்க்களமாக இருந்த ஊர். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி வரும் ஊர். இவ்வட்டாரத்தில் படைவீரரை உறவினராகக் கொள்ளாத தெரு அரிது. எனினும் அவர்தம் மனச்சோர்வைப் பற்றித் தெருவும் பேசுவதில்லை, வீடும் பேசுவதில்லை. அதற்கான காரணத்தில் ஒரு பங்கு நம் இலக்கியத்திடம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

வெண்ணிப் போரை இங்கு நினைவுகூரலாம். கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், தன் முதுகில் உண்டான புண்ணுக்கு நாணி, வாளோடு வடக்கிருந்து உயிர்நீத்தான். கழாத்தலையாரும் வெண்ணிக்குயத்தியாரும் பாடிய புறப்பாடல்கள் இதற்குச் சான்று. கழாத்தலையார் பாட்டை ஊன்றிக் கற்பார்க்கு ஓர் உண்மை புலனாகும். பகைவேந்தன் வேலை எறிந்தது சேரனின் மார்பைக் குறித்தே. சேரன் புறங்காட்டி ஓடியவன் அல்லன், எதிர்நின்றவன். நிகழ்ந்தது ஒன்று, அதற்கு அவன் கொண்ட பொருள் வேறொன்று. வேல் பாய்ந்தது நிகழ்ச்சி. ‘நான் இழிந்தேன்’ என்பது எண்ணம். அவன் உயிரைக் கொண்டது வேலன்று, அவ்வெண்ணமே எனலாம். அந்நாணத்தைப் போற்றிய புலவர் உண்டு. ‘வேந்தே, வேல் மார்பைத்தானே நோக்கி வந்தது?’ என்று அவன் அருகமர்ந்து கேட்டவர் உண்டா என்பதைப் பாடல்கள் கூறவில்லை.

அவ்வாறு அருகமர்ந்து கேட்பதை ஒரு மருத்துவமுறையாக வகுத்தவர் அமெரிக்க உளநோய் மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). கொரியப் போர்க்காலத்தில் படையினர் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய இவர், 1960-களில் மனச்சோர்வுற்றோரின் பேச்சைக் கூர்ந்து கேட்டு ஓர் ஒழுங்கைக் கண்டார். தன்னைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் தாமாகவே அவர்களிடம் எழுகின்றன. எழுந்தவுடன் உண்மையென நம்பப்படுகின்றன. அவ்வெண்ணத்தைச் சான்று கொண்டு சோதிக்கவும், கைவிட்ட அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீட்கவும் பயிற்றுவதே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெக்கும் உடனாசிரியர்களும் 1979-இல் வெளியிட்ட மனச்சோர்வு பற்றிய நூலிலேயே குழுவாகச் சிகிச்சை தருவது பற்றித் தனி இயல் உண்டு.

குழு எதற்கு? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். காவற்பணியில் தோழனை இழந்த ஒருவன், ‘நான் முன்னே நடந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்கிறான். மருத்துவர் ஆறுதல் சொன்னால், ‘களம் காணாதவருக்கு என்ன தெரியும்?’ என்று அவன் உள்ளம் விலகும். அதே வட்டத்தில் அமர்ந்திருக்கும் மற்றொரு வீரன், ‘அந்த நொடியில் உனக்குத் தெரிந்திருந்தது எது? பின்னாளில் தெரிய வந்தது எது? இரண்டையும் பிரித்துச் சொல்’ என்று கேட்டால், அக்கேள்விக்குத் தகுதி உண்டு. ‘இதே நிலையில் உன் தோழன் இருந்திருந்தால் அவனைக் குற்றவாளி என்பாயா?’ என்று இன்னொருவன் கேட்பான். வாரந்தோறும் கூடி, எண்ணத்தை ஏட்டில் எழுதி, அதன் எதிரே சான்றையும் எழுதி, அடுத்த வாரத்துக்கு ஒரு சிறு செயலை ஏற்றுச் செல்வர். இது பொய்யான தேறுதலன்று. மெய்யான தவறு இருப்பின் அதன் அளவும் அங்கே தெளிவாகும். ‘எனக்கு மட்டுமே இப்படி’ என்னும் தனிமையே முதலில் தளர்கிறது.

குழுவின் ஆற்றலைப் படைமருத்துவம் முன்பே உணர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942–43-இல், பர்மிங்காம் நகரின் நார்த்ஃபீல்டு படை மருத்துவமனையில் பியான், ரிக்மன் என்போர் வீரர்களைக் குழுக்களாக்கி, தம் சிக்கல்களைத் தாமே ஆராயச் செய்தனர். அது வேறு கோட்பாட்டின் வழிப்பட்டது. எனினும் பாதை அங்கே திறந்தது. அண்மைக் காலத்தில், அறிவாற்றல் சிகிச்சையின் ஒரு வகையை அமெரிக்கப் படைவீரர் 268 பேரிடம் சோதித்த பாட்ரிசியா ரெசிக் குழுவினரின் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. போர் அதிர்ச்சியின் கடுமையைக் குறைப்பதில் தனிச்சிகிச்சை மேம்பட்டு நின்றது. மனச்சோர்வைக் குறைப்பதில் குழுவும் தனிச்சிகிச்சைக்கு இணையாக நின்றது. ஆகவே குழு எல்லார்க்கும் எல்லாமும் ஆகாது. கடும் சோர்வுக்கு மருந்தும் தனிக்கவனிப்பும் வேண்டும். மேலதிகாரியும் கீழ்நிலை வீரரும் ஒரே வட்டத்தில் அமர்ந்தால் வாய் திறவாது. கேட்டது வெளியே செல்லாது என்னும் உறுதியும் இன்றியமையாதது.

நம் நாட்டிலும் கதவுகள் திறந்து வருகின்றன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். படையினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எனத் தனிப்பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பெற்றது. வேலூர் பாகாயத்திலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமோ, 1950-களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்து சிகிச்சையில் பங்கேற்கச் செய்தது. சுற்றம் சூழ நோய் தீர்த்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

நெசவாளர் அறிந்த உண்மையும் இதுவே. தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவராகலாம். தெருவில் பாவு நீட்டும்போது பலர் கை வேண்டும். அறுந்த இழையை அவர்கள் பழிப்பதில்லை. இருமுனையும் தேடிப் பிணைக்கிறார்கள். பாவு மீண்டும் தறிக்கு ஏறுகிறது.

கவிஞர்க்கு இதில் என்ன பணி? நெடுநல்வாடையை மீண்டும் கற்க வேண்டும். வாடை வீசும் நள்ளிரவில் வேந்தன் உறங்காமல் பாசறையில் புண்பட்ட வீரர்களிடையே நடக்கிறான்; முன்செல்லும் படைத்தலைவன் ஒவ்வொருவரையும் காட்டுகிறான். முல்லைப்பாட்டின் வேந்தனும் புண்பட்டோரை எண்ணி உறக்கமின்றி இருக்கிறான். மார்புப் புண்ணைப் பாடிய அதே மரபு, புண்பட்டவன் அருகே நடக்கவும் அறிந்திருந்தது. இவ்விரண்டில் எதனை நாம் மேடையில் மிகுதியாக முழங்கினோம் என்பதை ஒவ்வொரு கவிஞரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வீரன் கலங்கான்’ என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும், கலங்கி நிற்கும் ஒருவனின் வாயை அடைக்கக்கூடும்.

வீரத்தைப் பாட வேண்டாம் என்பதன்று கருத்து. தன் துயரைத் தோழர் நடுவே வாய்திறந்து சொல்வதும் வீரமே எனப் பாடுக என்பதே வேண்டுகோள். பட்டவனுக்குக் கல் நட்ட நாடு இது. மீண்டவனுக்கு அது செய்யத்தக்கது, அவன் அருகே அமர ஓர் இடம்.