தலையாட்டுவதா ஒத்துழைப்பு?



போலீசும் டாக்டரும் மாஜிஸ்திரேட்டும் ஜெயிலும் ஒத்துழைத்தால்தான் நீதி நடக்கும் என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் ஒத்துழைப்பு என்பது ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டுவதா? அல்ல, ஒருவர் செய்ததை மற்றவர் சோதித்துப் பார்ப்பதேயாகும். பிடித்தவனை 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு சொல்லுவானேன்? போலீசை நம்பியா? நம்பாததனால்தானே!

2020 ஜூன் 19-ந் தேதி சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லையென்று ஒரு தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். மறுநாள், காயம்பட்ட அவ்விருவரையும் சிறைக்கு அனுப்பலாமென்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். மாஜிஸ்திரேட் ரிமாண்டு செய்தார். கோவில்பட்டி கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. 23-ந் தேதிக்குள் இருவரும் மாண்டார்கள்.

இதைத் தலைவிதி என்பாரும் உண்டு. தலையில் யார் எழுதினார்கள்? காகிதத்தில் அல்லவா எழுதினார்கள்!

பிறகு ஐகோர்ட்டு மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன வேறொரு மாஜிஸ்திரேட்டிடம், அதே நிலையத்துப் பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் அடித்தார்கள் என்று சாட்சி சொன்னார். சி.பி.ஐ. 9 போலீசார்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தலையாட்ட மறுத்தவர்களால் வந்த பலன் இது.

ஆகையால் தோழர்களே! உங்களூரில் யாரையேனும் பிடித்துப் போனால் சாமிக்கு நேர்ந்துகொண்டு உட்காராதீர்கள். காரணம் கேளுங்கள். வக்கீலை அனுப்புங்கள். மாஜிஸ்திரேட் முன் நிற்கிறவனை, காயத்தைக் காட்டி வாய்திறந்து பேசச் சொல்லுங்கள்.