சர்வர் "எழுத மாட்டேன்"னு சொன்னா, உடனே ரீபூட் பண்ணாதீங்க

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு எரரைப் பத்தி: "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்".

இது வந்தா சர்வர் செத்த மாதிரியே தெரியாது. பிங் போகும், வெப்சைட் முகப்பு திறக்கும். ஆனா ஆர்டர் போட்டா பதிவாகாது. படிக்க முடியும், எழுத முடியாது. மானிட்டரிங் எல்லாம் பச்சையா இருக்க, கஸ்டமர்தான் முதல்ல கத்துவாரு.

நிறைய பேர் பர்மிஷன் பிரச்சினைன்னு நினைச்சு சிஎச்மாட் 777 அடிப்பாங்க. அதுவும் டிஸ்க்ல எழுதுற வேலைதானே? அதே எரர்தான் திரும்ப வரும். டிஸ்க் நிறைஞ்சதாலயும் இல்லை. அதுக்கு வேற மெசேஜ் இருக்கு.

நடந்தது என்னன்னா, ஃபைல் சிஸ்டத்தோட கணக்குல ஏதோ இடிக்குதுன்னு கெர்னல் கண்டுபிடிச்சிருக்கு. டெபியன், உபுண்டுவுல ரூட் பார்ட்டிஷனை இஎக்ஸ்டி4-ல போட்டிருந்தா, எஃப்எஸ்டேப் ஃபைல்ல பொதுவா "தப்பு வந்தா ரீட்-ஒன்லியா மாத்து"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். பேரேட்டுல கூட்டல் சரியா வரலைன்னா கணக்குப்பிள்ளை பேனாவை மூடி வைப்பாரு இல்லையா, அது மாதிரி. தொடர்ந்து எழுதினா நல்லா இருக்குற பக்கமும் கெட்டுடும். அதனால இது உங்க டேட்டாவைக் காப்பாத்துற பிரேக்.

அப்போ ஏன் ரீபூட் வேண்டாம்? லாக் ஃபைலும் பெரும்பாலும் அதே டிஸ்க்லதான் இருக்கு. அதுலயும் இப்போ எழுத முடியாது. என்ன ஆச்சுங்கிற சாட்சி கெர்னலோட மெமரியில மட்டும்தான் இருக்கும். ரீபூட் பண்ணினா அது போயிடும். மெஷின் திரும்ப எழுந்திருக்கும்னும் உத்தரவாதம் இல்லை. நண்பரோட கம்பெனியில ராத்திரி ட்யூட்டியில இருந்தவர் ரீபூட் பண்ண, சர்வர் இனிட்ராம்எஃப்எஸ் கறுப்பு ஸ்கிரீன்லயே நின்னுடுச்சு. அதுவரைக்கும் படிக்கவாவது முடிஞ்ச டேட்டாபேஸ், அதுக்கப்புறம் அதுவும் இல்லை.

சரி, வரிசையா என்ன பண்ணணும்?

முதல்ல, உங்க லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்எச் வழியா டிமெசேஜ் ஓட்டி, அவுட்புட்டை லேப்டாப்லயே சேமிங்க. அதுல "ஐ/ஓ எரர்" இருந்தா டிஸ்க், கேபிள், ஸ்டோரேஜ் பக்கம் சந்தேகப்படுங்க. ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் பாருங்க. விர்ச்சுவல் மெஷின்னா, பின்னாடி இருக்குற ஸ்டோரேஜ் கொஞ்ச நேரம் பதில் சொல்லாம இருந்தாலே போதும். ஸ்கஸி டிஸ்க்குக்கு லினக்ஸ் வழக்கமா காத்திருக்கிறது 30 செகண்ட்.

ரெண்டாவது, படிக்க முடியும்போதே முக்கியமானதை வேற மெஷினுக்கு காப்பி எடுங்க. கிளவுட்னா ஸ்னாப்ஷாட்.

மூணாவதுதான் எஃப்எஸ்சிகே. அதுவும் அன்மவுண்ட் பண்ணின பிறகுதான். ரூட் டிஸ்க்னா ரெஸ்க்யூ மோடுக்குப் போங்க, இல்லைன்னா டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: எஃப்எஸ்சிகே ரிப்பேர் பண்றதும் எழுதுற வேலைதான். டிஸ்க்கே சாகுதுன்னா, முதல்ல டிடிரெஸ்க்யூல முழு காப்பி எடுத்து, ரிப்பேரை அந்தக் காப்பியில பண்ணுங்க.

"ரீமவுண்ட் பண்ணி ரீட்-ரைட் ஆக்கிடலாமே"ன்னு கேப்பீங்க. காரணம் தெரியாம அதைப் பண்றது, பிரேக் ஒயரை அறுத்துட்டு வண்டி ஓட்டுற மாதிரி.

கடைசியா ஒரு சின்ன வேலை. நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர்ல ஒரு குட்டி ஃபைல் எழுதிப் பாக்குற செக் ஒண்ணு போடுங்க. எழுத முடியலைன்னா அலாரம் அடிக்கட்டும். கஸ்டமருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம். பேக்கப் எடுத்துட்டுத் தூங்குங்க!