வாசற்படியில் பிழைத்த உயிருக்குக் கணக்கு இல்லை

(காரைக்காலில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன். காப்பீட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வங்கியில் குமாஸ்தா, அதனால் இவனுக்குத் தெரியும் என்று முடிவு பண்ணியிருப்பீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

108க்கு போன் பண்றோம். வண்டி வருது. சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடக்கிற பெரியவருக்கு, வந்தவர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "நான் எங்கயும் வரலப்பா" என்கிறார். வண்டி காலியாகத் திரும்புகிறது. ஓர் உயிர் பிழைத்திருக்கிறது. இதற்கு எந்த அரசுக் காப்பீட்டில் எத்தனை ரூபாய்? ஒரு ரூபாயும் கிடையாது.

2018 செப்டம்பர் 23இல் ராஞ்சியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். ஆனால் உள்நோயாளியாகச் சேர வேண்டும். சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வெளியே வந்தபின் 15 நாள் செலவும் உண்டுன்னு சொல்றாங்க. சேர்க்கை என்பதுதான் ஆணி. ஆணி இல்லையென்றால் அந்த மூன்றும் இல்லை, பதினைந்தும் இல்லை. சுற்றியிருக்கிற தமிழ்நாட்டில் 2009இல் வந்த முதலமைச்சர் காப்பீடும் இதே அச்சுதான். அங்கே 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல காரியம். அதுவும் மருத்துவமனைக்குள் போனபிறகுதான்.

108 இலவசம்தானே என்பீர்கள். ஆமாம், 2005இல் ஆந்திராவிலும் 2008இல் தமிழ்நாட்டிலும் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது. நமக்குப் பெரிய உதவி. அதற்குக் காப்பீடு தருவதில்லை, அரசு நேராகத் தருகிறது. பல மாநிலங்களில் அந்தப் பணத்துக்கு அளவு வண்டி, ஓட்டம், கிலோமீட்டர். அதாவது ஒரு பை ஓட்டத்தை எண்ணுகிறது. இன்னொரு பை படுக்கையை எண்ணுகிறது. வாசற்படியில் ஒரு கை செய்த வேலையை எந்தப் பையும் எண்ணவில்லை.

இது யாரைப் பாதிக்குது? மாதச் சம்பளக்காரன் ரெண்டு நாள் படுத்தால் விடுப்பு எழுதிக் கொடுப்பான். நடவுக்குப் போகிறவள் படுத்தால் அவள் கூலி போச்சு, துணைக்கு இருப்பவர் கூலியும் போச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்கள். இலவசம் என்கிற சிகிச்சைக்கு நாம் கொடுக்கிற விலை இது. அந்த விலை எந்தக் கோப்பிலும் ஏறாது.

என் கவுண்டருக்கு வருகிற காப்பீடு வேறு. கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கிறோமே, பிரதமர் விபத்துக் காப்பீடு; விபத்தில் செத்தால் 2 லட்சம். பாம்பு கடித்துச் செத்தால், மரத்திலிருந்து விழுந்து செத்தால்? உடனடி மருத்துவமனைப் பதிவு காட்டணும். வயல் வரப்பிலேயே உயிர் போனவனுக்கு எந்த மருத்துவமனை பதிவு தரும்? உயிரோடு இருக்கிறவன் காசு வாங்க ஆஸ்பத்திரிக்குள் போகணும். செத்தவனும் தான் செத்தவிதத்தை நிரூபிக்க ஆஸ்பத்திரிக்குள் போயிருக்கணும்.

சுமப்பது என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிணம் சுமப்பதும் சாவு சொல்லப் போவதும் நம் தலையில் கட்டப்பட்ட வேலை. நம் கை பிணத்துக்கு ஆகும், நோயாளிக்கு ஆகாது என்றார்கள். அமெரிக்காவில் 1960களில் பாதியளவு ஆம்புலன்ஸ் பிண அடக்கம் செய்யும் கடைக்காரர்களுடையது. படுக்க வைக்கத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பிட்ஸ்பர்க் நகரில் போலீஸ் வண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டு போனார்கள். கறுப்பர் வாழும் ஹில் பகுதிக்கு அதுவும் சரியாக வராது. 1967இல் அதே பகுதியின் வேலையற்ற கறுப்பு இளைஞர்களுக்குப் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர் பயிற்சி தந்தார். 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்று பெயர். வண்டிக்குள்ளேயே, விழுந்த இடத்திலேயே சிகிச்சை. அந்நாட்டின் அவசர சிகிச்சைக்கு வழிகாட்டியவர்கள் அவர்கள். 1975இல் நகராட்சி தன் சேவையைத் தொடங்கி இதை மூடியது. சுமக்கிறவன் வைத்தியம் பார்க்கிறவனாக எழுந்தான். சட்டம் அவனைச் சுமக்கிறவனாகவே பார்த்தது.

ஏன் சொல்றேன்னா, 1965இல் வந்த அந்நாட்டு முதியோர் காப்பீடான மெடிகேரில் ஆம்புலன்ஸ் என்றால் போக்குவரத்து. ஏற்றிக்கொண்டு போனால் காசு, இருந்த இடத்தில் குணமாக்கினால் காசு இல்லை. 2021 ஜனவரியில் 'இ.டி.3' என்று ஒரு சோதனைத் திட்டம்: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே சிகிச்சை தந்தாலும் பணம். ஐந்தாண்டு என்று அறிவித்தார்கள். எதிர்பார்த்த அளவு சேரவில்லை என்று 2023 டிசம்பரோடு முடித்துவிட்டார்கள். பணக்கார நாட்டிலும் முடிச்சு இதே இடத்தில்தான்.

ஒரு எதிர்வாதம் வரும். நானே அதைச் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே வைத்தியம் பார்த்தால் காசு என்றால், சேரிக்காரனை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகமாட்டானா? போவான். ஏற்றினால்தான் காசு என்றால் வேண்டாதவனையும் ஏற்றுவான். ஏற்றாவிட்டாலும் காசு என்றால் ஏற்ற வேண்டியவனையும் விட்டுப் போவான். பாம்புக் கடியை, நெஞ்சு வலியை, பிரசவ வலியை வாசலில் விட்டுவிட்டுப் போக எந்தத் திட்டத்திலும் அனுமதி இருக்கக் கூடாது. 'வரல' என்று சொல்வது நோயாளியின் உரிமை. 'நீ வர வேண்டாம்' என்று வண்டிக்காரன் சொல்வது தீண்டாமை. ரெண்டுக்கும் வித்தியாசம் காகிதத்தில் தெரியணும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் 1944இல் வந்த அடார்கர் அறிக்கையிலிருந்துதான் 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. அதில் படுக்காமலே மருந்து உண்டு. நோயில் போன நாளுக்குக் கூலியில் ஒரு பங்கும் உண்டு. தொழிற்சாலைக்கு வந்த அந்தச் சட்டம் வயலுக்கு வரவில்லை. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், காப்பீடு அரசின் கையில் மட்டும் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் அது கட்டாயம் என்று எழுதினார். அவர் எழுதியது ஆயுள் காப்பீட்டை. ஆனால் காப்பீடு கருணை அல்ல, உரிமை என்ற அடிப்படை அங்கே இருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது: ஒன்று, வாசலில் தரப்படும் சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் தனித் தொகை. இரண்டு, ஏற்றுவதா விடுவதா என்பதை போனில் ஒரு மருத்துவர் சொல்ல வேண்டும். அவர் பெயர் பதிய வேண்டும். மூன்று, என்ன செய்தார்கள் என்ற சீட்டு தமிழில் நோயாளி கையில்; அதை மருத்துவமனைப் பதிவுக்குச் சமமாக வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் ஏற்க வேண்டும். நான்கு, மறுநாள் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். ஐந்து, வண்டி தெருவுக்குள் வருகிற சாலை. கடைசி ஒன்று இல்லாவிட்டால் முதல் நாலும் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும்.

நெடுங்காட்டிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை, நம் தெருக்களில் 108 வந்து யாரையும் ஏற்றாமல் போன நாட்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்குங்கள். தேதி, நேரம், என்ன சிகிச்சை, ஏன் போகவில்லை. அவர்கள் எண்ணாததை நாம் எண்ணுவோம். அந்த நோட்டோடு அடுத்த மாதம் கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.