தறிக்குழியில் ஒரு நாள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைத்தொழில் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார். கைத்தொழிலின் பெருமையை மேடையில் நின்று புகழ்வது எளிது. பல ஆண்டுகளாக நாமும் அதனையே செய்து வந்திருக்கிறோம். ஆதலின் இன்று புகழுரையை விடுத்து, ஒரு நாள் நாங்கள் கற்ற பாடத்தையும், அன்று எங்களுக்கு நேர்ந்த நாணத்தையும் மறையாது உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பாலராமபுரம். சொந்த ஊருக்குச் செல்லும்போதெல்லாம் பேருந்தின் சன்னல் வழியே அவ்வூரின் பெயர்ப் பலகையைப் பார்த்தவாறே நாம் கடந்துவிடுகிறோம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அவர் காலத்தில், உம்மிணித் தம்பி தளவாயின் முயற்சியால், தென்தமிழ்நாட்டுச் சாலியர் குலத்து நெசவாளர் குடும்பங்கள் அழைத்து வரப்பெற்று அங்கே குடியமர்த்தப்பெற்றன. அரண்மனைக்கு நுண்ணிய ஆடை நெய்து கொடுப்பது அவர்கள் பணி. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என அவர்கள் வாழ்ந்த தெருக்கள் பெயர்பெற்றன. உத்தியோகத்தையும் வாணிகத்தையும் நாடி இந்நகருக்கு வந்த நாம், நம்மையே குடிபெயர்ந்த தமிழர் என்று எண்ணிக்கொள்கிறோம். 200 ஆண்டுகளுக்கு முன்னரே, கையில் ஒரு தொழிலோடு வந்தவர்கள் நம் பக்கத்து ஊரில் இருப்பதை எத்தனை பேர் நினைத்தோம்?

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களுமாகப் பதினெட்டுப் பேர் அங்குள்ள ஒரு முதிய நெசவாளர் இல்லத்திற்குச் சென்றோம். வேடிக்கை பார்ப்பதற்கன்று, எங்கள் கைகளாலேயே நெய்து பழகுவதற்கு.

அதிகாலையில் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். நீளவாட்டில் செல்லும் நூலே பாவு. அரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் இட்டு, தூரிகையால் நீவி நீவி அதனைப் பதப்படுத்துகிறார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். நூல் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் எல்லாம் வீண். எங்களில் இருவர் தூரிகையை வாங்கி நான்கு முறை நீவினர்; ஐந்தாம் முறைக்குள் தோள் கடுத்தது.

பின்னர் குழித்தறியில் அமர்ந்தோம். தரையில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தால் பாவு மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடும். அவ்வழியே ஊடைநூல் சுற்றிய நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கயிற்றை இழுத்து நாடாவை ஓடச் செய்யும் முறையை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இல் கண்டார். அது பல நாட்டுத் தறிகளிலும் பரவியது. பாலராமபுரத்தின் மரபோ கையெறி நாடாவை விடாது போற்றி வந்தது. அம்மரபில் நெய்த துணியின் இருபுறமும் ஒன்று போலவே இருக்கும். 2009-10-ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சேலைகளுக்கும் நுண்பருத்தித் துணிகளுக்கும் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இச்செய்திகளை நாங்கள் முன்னரே படித்திருந்தோம். தறியில் அமர்ந்தபோது அப்படிப்பு எதுவும் கைகொடுக்கவில்லை. கால் மிதித்தால் கை மறந்தது. கை எறிந்தால் கால் தவறியது. நூல் அறுந்தது. பெரியவர் வந்தார், விரல் நுனியால் முறுக்கினார், அறுந்த இடம் தெரியவில்லை. பள்ளியிறுதி வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு மணி நேரம் முயன்று நான்கு விரல் அகலம் நெய்தாள். அதன் ஓரமும் வளைந்திருந்தது. "முதல் நாளில் இவ்வளவு போதும், மக்களே" என்று பெரியவர் சிரித்தார்.

விடைபெறும் நேரம் வந்தது. நாங்கள் கொண்டுசென்ற இனிப்புகளைக் கொடுத்து, பெரியவர்க்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர் அதன் ஓரத்தை இரு விரல்களால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. விசைத்தறியில் நெய்த பொன்னாடையை நெசவாளர் தோளிலேயே போர்த்தியிருந்தோம்!

நாணம் அத்தோடு முடியவில்லை. வாயிலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, அவர் மீண்டும் தறியில் அமர்ந்து, நாங்கள் நெய்த பகுதியை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அது ஒருவர் கேட்டுக் கொடுத்திருந்த சேலையின் பாவு. நெய்த அளவுக்கே அவர்க்குக் கூலி. எங்கள் இன்பப் பொழுது அவர்க்கு ஒரு நாள் கூலியைத் தின்றிருந்தது. திரும்பிச் சென்று, தயங்கித் தயங்கிப் பணத்தை நீட்டினோம். "விருந்தாளியிடம் கூலி வாங்குவதா?" என்று மறுத்தார். வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார்.

"ஐயா, உங்கள் மகன் தறியில் அமர்வதுண்டா?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

"அவன் அமரவில்லை, நானும் அமரச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளை இந்தக் குழியில் இறக்குவீர்களா?" என்றார் பெரியவர்.

எங்களிடம் விடையில்லை.

அன்பர்களே, ஒரு நாள் பயிற்சியால் எவரும் நெசவாளர் ஆகிவிட முடியாது என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் நாங்கள் அங்கே பெற்றது தொழிலன்று. தொழிலை மதிக்கும் அளவுகோல். 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே அறிவும் வளர வேண்டும் என்றார். அதன் பொருள் அன்று தறியில்தான் எங்களுக்கு விளங்கிற்று. அம்மாணவியின் தாயார் கைத்தறிச் சேலைக்கு விலை பேசாமல் வந்ததில்லை. ஓணத்திற்குச் சேலை வாங்கச் சென்றபோது மகள் தாயின் கையைப் பற்றி, "அம்மா, நான்கு விரலுக்கு ஒரு மணி நேரம்" என்றாளாம். தாய் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். 1905-ஆம் ஆண்டின் சுதேசி இயக்கத்தை நினைவுகூர்ந்து, 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளையொட்டி ஆண்டுதோறும் ஒரு செய்முறைப் பயிற்சி நடத்த வேண்டும். நெசவு ஓராண்டு, கொட்டாங்கச்சி வேலை மறு ஆண்டு, பாய் முடைதல் பிறிதோர் ஆண்டு என முறை வைக்கலாம். இரண்டாவது, கற்பிக்கும் கைவினைஞர்க்கு ஆசிரியர்க்குரிய ஊதியத்தை முன்கூட்டியே அளிக்க வேண்டும். பழகுவதற்கெனத் தனிப் பாவும் தனிப் பொருளும் சங்கமே வாங்கித் தர வேண்டும். மூன்றாவது, இம்மேடையில் போர்த்தப்படும் பொன்னாடைகள் இனிப் பாலராமபுரத்துக் கைத்தறியாகவே இருக்க வேண்டும்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இவை முழு விடையாகா. தறியில் அமர்பவர்க்குத் தக்க வருவாய் கிடைக்கும் நாளில்தான் அதற்கு விடை கிடைக்கும். அந்நாளைக் கொண்டு வருவதில், வாங்குவோராகிய நமக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் நினைவூட்டி அமர்கிறோம்.